வெள்ளைத் துணியை எந்தத் தெருவில் கட்டுவது?

எரியோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் காலனிப் படிப்பகத்துப் பிள்ளைகள் போன மாதம் ஒரு யோசனையோடு வந்தார்கள். டிசம்பர் 6 நினைவு நாளுக்கு வழக்கமான மாலை, மெழுகுவத்தி, மைக் செட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்த வருடம் ஒரு புரொஜெக்டர் வாங்கிப் படம் போட வேண்டும். வாடகைக்கு வேண்டாம், சொந்தமாகவே வாங்கிவிடலாம். பத்தாயிரம் ரூபாய்க்குள் எது நன்றாக இருக்கும் என்று பார்த்துச் சொல்லுங்கண்ணே என்றார்கள்.

வசூலுக்குப் போன முதல் வீட்டிலேயே ஓர் அப்பத்தா மடக்கிவிட்டது. "என்னத்துக்குப்பா அது? வீட்டுக்கு வீடு டிவி கெடக்கு. போதாததுக்கு ஆளுக்கொரு போனு. அந்தக் காசுக்குச் சுடுகாட்டுப் பாதையில ரெண்டு லோடு கிராவல் அடிச்சாலும் பொணம் தூக்குறவன் வழுக்கி விழாம போவான்ல?"

பாதை போட்டுத் தருவது நம் வசூல் பணத்தின் வேலை இல்லை, அரசின் வேலை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அது கேள்விக்குப் பதில் ஆகாது. வீட்டுக்கு வீடு டிவி இருக்கும்போது தெருவுக்கு ஒரு திரை எதற்கு? அந்த அப்பத்தாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீண்டுவிட்டது.

சினிமா இந்தியாவுக்கு வந்தது 1896 ஜூலை 7. லூமியர் சகோதரர்களின் ஆட்கள் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் காட்டினார்கள். கட்டணம் ஒரு ரூபாய். வாட்சன் ஹோட்டல் வெள்ளைக்காரர்கள் தங்கும் இடம். ஆக முதல் திரையே நம்மில் யாரும் நுழைய முடியாத ஓர் அறைக்குள்தான் விழுந்தது. அந்த வெளிச்சத்தை வெளியே தூக்கி வந்து திடலில் கூடாரம் போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து ஆள், கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

அவர் திருச்சியில் ரயில்வேயில் வரைவாளர் வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் 25 ரூபாய். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்து, உடம்பு முடியாமல் போய், கையில் இருந்த புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் விற்கப் பார்த்தார். வின்சென்ட் வாங்கினார். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் அவருடைய ஆறேழு ஆண்டுச் சம்பளம். கடன்பட்டுத்தான் வாங்கியிருக்க முடியும். அதிலிருந்த இயேசுவின் வாழ்க்கைப் படத்தையும் சில துண்டுப் படங்களையும் வைத்துக்கொண்டு தென்னிந்தியா முழுக்க, பிறகு வடக்கே பெஷாவர் வரை போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்.

ஒரு சாதாரண ரயில்வே ஊழியர் ஒரு கருவியை வாங்கியதால் தமிழ்நாட்டின் திடல்களுக்குச் சினிமா வந்தது. இங்கே நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது விலையை. 25 ரூபாய் மாதச் சம்பளக்காரருக்கு ஆறேழு வருடம் என்றால், அதே 1905இல் பண்ணையில் தானியத்தைக் கூலியாக வாங்கிக்கொண்டிருந்த நம் பாட்டன்மாருக்கு எத்தனை பிறவி? புரொஜெக்டர் என்ற பொருள் பிறந்த நாளிலிருந்தே முதலாளியின் பொருள். அதைக் கொண்டுவருகிறவர் எந்த இடத்தில் துணி கட்டுகிறாரோ அந்த இடத்துக்கு மற்றவர்கள் போக வேண்டும். போக முடிந்தவர்கள் பார்ப்பார்கள்.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளியான தன் ஆங்கில நூலில் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலை அரங்கம் சினிமாக் கொட்டகைதான். அங்கே எங்கே உட்காருவது என்பதைச் சாதிப் படிநிலை முடிவு செய்யவில்லை, கையில் இருக்கிற காசுதான் முடிவு செய்தது என்பது அவர் வாதம். இதைப் பலரும் எடுத்தாண்டிருக்கிறார்கள். நானும் பல மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கோயில் திருவிழாவில் ஊர் மந்தையில் வள்ளி திருமணம் நடக்கும்போது, பறை அடித்துக் கூட்டம் சேர்த்த நம் ஆட்களே வேலியோரம் நின்று பார்த்த காலம் அது. அதோடு ஒப்பிட்டால் கொட்டகை பெரிய திறப்பு. சந்தேகமே இல்லை.

ஆனால் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த எங்கள் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசினால் கூரையின் கீழ் இன்னொரு கூரை இருந்தது தெரியும். கீற்றுக் கொட்டகை, கூடாரத் துணி, தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று டிக்கெட். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும் நேரமெல்லாம் இடைவேளை. முறுக்கும் சோடாவும் விற்றுவிடும். காலனி ஆட்கள் எல்லோரும் தரை. தடை இருந்ததால் இல்லை, பெஞ்சுக்குக் காசு கிடையாது. நிலத்தைச் சாதி பறித்தது, நிலம் இல்லாததால் காசு இல்லை, காசு இல்லாததால் தரை. சாதியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனதாகச் சொல்கிறோம். அது டிக்கெட்டாக மாறி உள்ளேயும் வந்துவிட்டது. தரையிலும் ஒரு சங்கதி உண்டு. மணலைக் குவித்து மேடு பண்ணி உட்கார்ந்தால் பின்னால் இருக்கிறவன் மறைக்குது என்று தலையில் தட்டுவான். யார் தட்டலாம், யார் தட்டு வாங்கிக்கொண்டு மணலைக் கலைத்துவிட்டு உட்கார வேண்டும் என்பதைக் காசு மட்டும் முடிவு செய்ததில்லை என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

திரைக்கு முன்னால் உட்காருவதற்கே இவ்வளவு என்றால் திரைக்குள் தெரிவதற்கு? பி.கே. ரோஸியை நினைத்துக்கொள்ளுங்கள். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’, மலையாளத்தின் முதல் படம். வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் ரோஸி, தலித் பெண். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் நடந்த முதல் காட்சிக்கு அவரை உள்ளே விடவில்லை. ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வருவதா என்று கல்லெறிந்து கலாட்டா செய்தார்கள். அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் தப்பி வந்த அந்தப் பெண் அதற்குப் பிறகு எந்தத் திரையிலும் வரவில்லை. இன்றைக்கு நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது.

பழைய கதை என்று ஒதுக்குகிறவர்களுக்கு 2023 மார்ச் 30ஐ ஞாபகப்படுத்துகிறேன். சென்னையில் ‘பத்து தல’ படத்துக்கு டிக்கெட் வாங்கிக் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தைத் திரையரங்க வாசலில் தடுத்தார்கள். வீடியோ பரவி, எதிர்ப்பு கிளம்பி, பிறகு உள்ளே விட்டார்கள். யு/ஏ சான்றிதழ், குழந்தைகளின் வயது என்று விளக்கம் வந்தது. சிவத்தம்பி சொன்ன அந்தக் காசு அன்றைக்குக் கையில்தான் இருந்தது.

கொட்டகைக்கு அடுத்தது அரசாங்கம். ஊராட்சி வானொலி, செய்தித்துறையின் படம் காட்டும் வண்டி, பிறகு ஊராட்சித் தொலைக்காட்சிப் பெட்டி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அதே மாதம் இந்திய அரசு செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குப் பொதுத் தொலைக்காட்சி கொடுத்து ஓராண்டு சோதனை நடத்தியது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. நம் ஊர்களுக்குப் பெட்டி வர இன்னும் சில வருடங்கள் ஆயின. வந்தபோது எங்கே வைத்தார்கள்? வானொலி அறை எங்கே இருந்ததோ அங்கே. வானொலி அறை எங்கே இருந்தது? ஊருக்குள், மந்தைக்குப் பக்கத்தில். எந்த அரசாணையும் சேரி மக்கள் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. பெட்டி நின்ற இடமே அதைச் சொல்லிவிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய தெரு வழியாகப் போய், ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தி பார்த்துவிட்டுத் திரும்ப எவனுக்கு மனசு வரும்?

வீட்டு டிவி வந்தபோது நிலைமை இன்னும் நுணுக்கமானது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு சாயங்காலம் படம். டிவி இருந்த ஊர்க்காரர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று நானும் பார்த்திருக்கிறேன். உள்ளே அவர்கள் பிள்ளைகள் பாயில், வாசல்படியில் மற்ற சாதிப் பிள்ளைகள், ஜன்னல் கம்பிக்கு வெளியே நாங்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து டிவியில் பாதிதான் தெரியும், கதாநாயகன் வலது பக்கம் போனால் மறைந்துவிடுவான். படம் முடிந்ததும் சில நாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுப் போகச் சொல்வார்கள். அதைக் கூலி என்று யாரும் சொன்னதில்லை.

அப்போது எங்களைக் காப்பாற்றியது ‘டெக்கு’. 1980களின் பிற்பாதியிலிருந்து டவுனில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கிடைக்கும். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ வசூல் போட்டு, மாட்டு வண்டியிலோ மிதிவண்டியிலோ பெட்டியைக் கட்டிக் கொண்டுவந்து, விடிய விடிய நாலு படம். இருபது அங்குல டிவிக்கு முன்னால் இருநூறு பேர். பின்னால் உட்கார்ந்தவனுக்கு எம்ஜிஆரும் சிவாஜியும் ஒன்றுதான். ஆனாலும் எங்கள் தெருவில், எங்கள் ஆலமரத்தடியில், எந்தப் படம் முதலில் ஓட வேண்டும் என்று நாங்களே சண்டை போட்டுக்கொண்டு பார்த்த முதல் திரை அதுதான். ஊர்ப் பையன்கள் சிலர் இருட்டில் வந்து ஓரமாக நின்று பார்த்ததும் உண்டு. தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நட்சத்திரங்களைப் பற்றி எழுதிய அளவில் நூறில் ஒரு பங்காவது இந்த டெக் வாடகைக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு 2006. வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போனது. ‘இலவசம்’ என்று முகம் சுளித்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இத்தகைய வாக்குறுதி தேர்தல் முறைகேடு ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தேர்தல் ஆணையம் வழிகாட்டு நெறிமுறை வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த வழக்கின் பொருளாதார வாதங்களில் நான் நுழையப் போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றவனுக்கு அந்த டிவியின் மதிப்பு வேறு. எங்கள் பிள்ளைகள் யார் வீட்டு ஜன்னலிலும் நிற்கவில்லை. அது போதும் எனக்கு.

ஆனால் அதோடு தெருவும் கலைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆலமரத்தடி காலியானது. ஆளுக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு சீரியல். பிறகு ஆளுக்கு ஒரு போன். 2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ நேராக அமேசானில் வெளியானது. காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட இருளர் பற்றிய படம். அப்படி அடிபட்டவர்கள் இல்லாத சேரி தமிழ்நாட்டில் எத்தனை? எங்கள் காலனியில் அதை ஐந்து அங்குலப் போனில் ஆறு பேர் தலையை இடித்துக்கொண்டு பார்த்தார்கள். அழுதவர்கள் தனித்தனியாக அழுதார்கள். பார்த்து முடித்து யாரும் யாரிடமும் எதுவும் பேசவில்லை. அப்பத்தாவின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சேர்ந்து பார்ப்பதற்கென்றே கருவியைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் வரலாறு ஒன்று இருக்கிறது. கேரளத்தில் ஜான் ஆபிரகாம், ‘அக்ரஹாரத்தில் கழுதை’யைத் தமிழில் எடுத்தாரே அவரேதான். 1980களில் நண்பர்களோடு ‘ஒடேசா’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராக 16 எம்எம் படம் காட்டி, மக்களிடம் துண்டு விரித்து வசூலித்த காசில் 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். எடுத்த படத்தையும் அதே மாதிரி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மதுரையில் ஆர்.பி. அமுதன், துப்புரவுப் பணி செய்யும் ஒரு பெண்ணின் பின்னால் கேமராவோடு நடந்து ‘பீ’ என்ற ஆவணப்படம் எடுத்தார், 2003இல். அந்தப் பெயரை உச்சரிக்கவே பலருக்குக் கூச்சம். அதை அள்ளச் சொல்லும்போது வராத கூச்சம். ‘மறுபக்கம்’ அமைப்பு மூலம் அவர் நடத்தும் திரையிடல்களில்தான் என் வயதுக்காரர்கள் பலர் ஆவணப்படம் என்ற ஒன்றையே முதன்முதலில் பார்த்தோம். ஆனந்த் பட்வர்தன் 14 ஆண்டுகள் உழைத்து எடுத்த ‘ஜெய் பீம் காம்ரேட்’ (1997இல் ரமாபாய் நகரில் காவல்துறை 10 பேரைச் சுட்டுக் கொன்றதிலிருந்து தொடங்கும் படம்) 2012இல் மும்பை பைக்குல்லாவின் பிஐடி சால் குடியிருப்பில், தலித் மக்கள் நடுவில் திறந்தவெளியில் காட்டப்பட்டது. மல்டிபிளெக்ஸ் கிடைக்காததால் அல்ல, அங்கேதான் காட்ட வேண்டும் என்பதால்.

திரையரங்கை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணல் படமே சாட்சி. ஜப்பார் படேல் இயக்கி, மம்முட்டி நடித்த ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’. அரசுப் பணத்தில் எடுத்த படம். சிறந்த நடிகர் உட்பட மூன்று தேசிய விருது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படம் தமிழ் பேசித் திரையரங்குக்கு வந்தது 2010 டிசம்பரில், அதுவும் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகு. தமுஎகச தோழர்கள் ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் எத்தனை நூறு படங்கள் அரிவாளோடும் மீசையோடும் நம் தெருச் சுவர்களில் ஒட்டப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். 2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ வந்தபோது திரையிடல்களைக் காவல்துறை தடுத்தது. அவர் படத்தை யூடியூபில் போட்டார், லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஆனால் மலக்குழி மரணங்களைப் பற்றிய அந்தப் படத்தை அந்த வேலை செய்கிற தெருவில், அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பார்க்க ஒரு திரை வேண்டுமே. 2000களின் தொடக்கத்தில் ஒரு எல்சிடி புரொஜெக்டர் லட்சத்தைத் தொடும் விலை. மாவட்டத்தில் நாலைந்து தொண்டு நிறுவனங்களிடம் இருக்கும். கேட்டால், எந்தப் படம், யார் வருகிறார்கள், பேச்சு எதுவும் உண்டா என்று மூன்று கேள்வி வரும். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் அந்தக் கருவி பழுதாகிவிடும்.

இப்போது விலைக்கு வருவோம். இன்று எல்இடி விளக்கு வைத்த சின்னப் புரொஜெக்டர்கள் ஆறாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டருக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாயாக இருந்தது. பத்தாயிரம் என்பது முப்பது நாள் கூலி. வின்சென்ட்டின் ஆறேழு வருடம் எங்கே, இது எங்கே. முப்பது வீடு ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் முடிந்தது. (கூலி நேரத்துக்கு வந்து சேர்ந்தால் என்று ஒரு அடைப்புக்குறி போட வேண்டியிருக்கிறது.)

வாங்கப் போகிற மற்றக் காலனிக்காரர்களுக்காகச் சில விஷயங்கள். நாங்கள் முதலில் ஏமாந்தோம். ஆன்லைனில் ‘9,000 லூமன், 4கே’ என்று எழுதியிருந்ததை நம்பி ஒரு நண்பர் வீட்டுப் பெட்டியைக் கடன் வாங்கிச் சோதித்தோம். துணியில் ஏதோ நடமாடுவது தெரிந்தது, யார் என்று தெரியவில்லை. வெளிச்சத்தை அளக்க ‘ஆன்சி லூமன்’ என்று ஒரு முறையான அளவு இருக்கிறது. அந்தச் சொல் இல்லாமல் வெறும் லூமன் என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அது விளம்பரம். இந்த விலையில் உண்மையில் கிடைப்பது 200, 300, மிஞ்சிப்போனால் 500 ஆன்சி லூமன். அதேபோல ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். வெளியே தள்ளுவது 720பி ஆக இருக்கலாம். ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ எவ்வளவு என்று கேளுங்கள். 1080பி என்று சொன்னால் போதும்.

300 லூமனை வைத்துக்கொண்டு பெரிய திரைக்கு ஆசைப்படக் கூடாது. 100 அங்குலத் திரை என்றால் ஏறத்தாழ ஏழேகால் அடி அகலம், நாலடி உயரம். அதை 150 அங்குலமாக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்கு கூடும், அதே வெளிச்சம் அவ்வளவு இடத்துக்கும் பரவி மங்கும். நூறு அங்குலத்துக்கு மேல் போகாமல் ஜனங்களை நெருக்கி உட்கார வையுங்கள். பெரும்பாலான கருவிகளுக்கு அந்த அளவு வர ஒன்பது பத்தடி தள்ளி வைத்தால் போதும். தெருவிளக்கு எரிந்தால் படம் வெளுத்துவிடும். எங்கள் தெருவில் விளக்கு எரிவதில்லை என்று மூன்று மனு கொடுத்திருக்கிறோம். அந்த மனுவுக்குப் பதில் வராததில் முதல்முறையாக ஒரு லாபம்.

திரைக்குத் தனியாகச் செலவு செய்யாதீர்கள். பழைய பிளெக்ஸ் பேனரின் பின்பக்க வெள்ளை நன்றாக வேலை செய்கிறது. எங்களுக்குக் கிடைத்ததில் முன்பக்கம் ஓட்டுக் கேட்டுக் கும்பிடும் தலைவர் ஒருவர் சிரிக்கிறார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், நாங்கள் படம் பார்ப்போம். ஒலிக்குக் கருவியில் இருக்கும் ஸ்பீக்கர் ஆகாது. நம்மிடம்தான் மைக் செட் இருக்கிறதே, ஒயர் போட்டு இணையுங்கள், புளூடூத்தில் சில சமயம் வாய் அசைந்து முடிந்த பிறகு சத்தம் வரும். இந்தச் சின்னப் பெட்டிகள் நூறு வாட் அளவில்தான் மின்சாரம் குடிக்கும். படிப்பகத்து இன்வெர்ட்டரிலேயே ஓடும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கொக்கி போட்டார்கள் என்று ஒரு வழக்கு போதும், திரையிடலை நிறுத்த. ரசீது வாங்குங்கள். திண்டுக்கல் கடையில் ஐந்நூறு கூடுதலாக ஆனாலும், இருட்டறையில் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குவதே நல்லது. நாங்கள் அப்படித்தான் 9,800 ரூபாய்க்கு வாங்கினோம். கம்பெனி பெயர் கேட்டு எழுத வேண்டாம், ஆறு மாதம் ஓடட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இனிச் சங்கடமான பகுதி. கருவி வந்த அன்று ராத்திரியே தகராறும் வந்தது. இளைஞர்கள் சிலர் ஊர் மந்தையில் போட வேண்டும், பொது இடம்தானே என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். அதைப் பற்றி இரண்டு மணி நேரம் சூடாகப் பேசிய நாங்கள், அதைவிடப் பெரிய கேள்வியை யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொண்டோம். எழுப்பியது ஒரு பள்ளிக்கூடப் பெண்பிள்ளை. "கீழத்தெருவுல எப்பண்ணே போடுவீங்க?"

கீழத்தெரு அருந்ததியர் தெரு. காலனியின் கடைசி. படிப்பகம் எங்கள் தெருவில், சமுதாயக்கூடம் எங்கள் தெருவில், டெக் எடுத்துப் போட்ட ஆலமரமும் எங்கள் தெருவில். அந்தக் காலத்தில் அவர்கள் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பின்னால். எப்போதும் பின்னால். யாரும் அவர்களை அங்கே உட்காரச் சொல்லவில்லை. ஊராட்சி டிவி எங்கே நின்றது என்று மேலே பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேனே, அதே வேலையை எங்கள் ஆலமரம் செய்திருக்கிறது. வசூல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கீழத்தெரு வீடுகளின் பணம் இருந்தது, கமிட்டியில் ஆள் இல்லை.

அன்றைக்கு முடிவானவை: கருவி படிப்பகத்தில் இருக்கும். சாவி இரண்டு, ஒன்று மேலத்தெருவில், ஒன்று கீழத்தெருவில், இரண்டும் மில்லுக்குப் போகும் பெண்களிடம். காரணம், வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லிலிருந்து ஷிப்டு முடிந்து வேன் வந்து சேர ராத்திரி பத்தரை ஆகிறது. சாவி அவர்களிடம் இருந்தால்தான் அவர்கள் வரும்வரை படம் தொடங்காது. டிசம்பர் 6 அன்று அண்ணல் படம் கீழத்தெருவில். அடுத்த வாரம் எங்கள் தெருவில் ‘கக்கூஸ்’. 25ஆம் தேதி வெண்மணி நாளுக்குப் பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’. படம் முடிந்து அரை மணி நேரம் பேச்சு, எங்கள் பேச்சாளர்கள் அல்ல, பார்த்தவர்கள் பேச வேண்டும். ஆவணப்படங்களுக்கு எடுத்தவர்களிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். மந்தையில் போடுவது பற்றி முடிவாகவில்லை. எங்கள் தெருவில் இரண்டு பேர் இந்த ஏற்பாட்டில் கோபித்துக்கொண்டு கமிட்டியிலிருந்து விலகிவிட்டார்கள். அவர்கள் பெயர் வேண்டாம், என் சொந்தக்காரர்கள்தான்.

கீழத்தெருவில் துணி கட்டச் சரியான சுவர் இல்லை. கார்த்திகை மழை விட்டதும் இரண்டு மூங்கில் நட்டுக் கட்ட வேண்டும்.

அப்பத்தாவிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. கருவியைக் கொண்டுபோய் அது வீட்டுச் சுவரில் பேத்தி கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினோம். செத்துப்போன தாத்தா பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற இடம் வந்தது. ஆள் உயரத்துக்குத் தெரிந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து நீட்டிவிட்டுக் கேட்டது: "அந்தச் சுடுகாட்டுப் பாதையப் படம் புடிச்சு இதுல போட முடியுமா? கிராம சபைக்கு அதிகாரி வருவாருல்ல, அவரும் பாக்கட்டும்."

ஜனவரி 26 கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நேற்று மழையில் பையன்கள் இரண்டு பேர் போனை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக்கொண்டு அந்தப் பாதையில் நடந்து எடுத்திருக்கிறார்கள். பதினோரு நிமிடம் வருகிறது. பாதியில் ஒருவன் வழுக்கி விழுகிறான். அதை வெட்டலாமா என்று கேட்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.